மண்டைதீவின் மரக்கணக்கு

2025ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் முதலாந் திகதி, மண்டைதீவில் யாழ்ப்பாணச் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சனாதிபதி அநுர குமார திசாநாயக்க அவர்களே நேரில் வந்து அதனை நாட்டினார். 138 ஏக்கர் பரப்பில் விளையாட்டு நகரம் ஒன்றும், அதனுள் 48 ஏக்கர் பரப்பில் 40,000 பேர் அமரத்தக்க மைதானமும் அமையுமென அறிவிக்கப்பட்டது. பண்ணைத் தாம்போதியைக் கடந்து தீவகத்தை நோக்கிச் செல்வோர் முதலிற் சந்திக்கும் தீவு மண்டைதீவு. போர்க்காலத்தில் மக்கள் துரத்தப்பட்டு வெறிச்சோடிக் கிடந்த தீவு அது. அங்கே கட்டடம் எழுகிறது, வீதி விரிகிறது, நம் பிள்ளைகள் விளையாட இடம் கிடைக்கிறது என்றால் அதனை வேண்டாமென்று சொல்லும் மனம் தமிழர் எவருக்கும் இராது. எமக்கும் இல்லை. கொழும்பிலும் கண்டியிலும் காலியிலும் உள்ளது யாழ்ப்பாணத்திலும் இருக்க வேண்டுமென்று கேட்பது நியாயமான கேட்பே.

எனினும் அடிக்கல் நாட்டப்பட்ட சில காலத்துக்குள்ளேயே சுற்றாடல் ஆர்வலர்கள் ஒரு கேள்வியை எழுப்பினர். இவ்விடம் கடல்நீரேரியை ஒட்டிய தாழ்நிலம். கண்டலும் சதுப்பும் வலசைப் பறவைகளும் உள்ள சுற்றுப்புறம். இங்கே நிலத்தைத் துப்புரவாக்கி மேடாக்கும்போது அழியும் மரத்துக்கும் பற்றைக்கும் ஈடு என்ன? இத்தகைய கேள்வி எழும்பொழுதெல்லாம், எந்த அரசாங்கமாயினும் எந்தக் கட்டடமாயினும், ஒரே விடைதான் வருகின்றது: ‘‘வெட்டப்படும் மரங்களுக்குப் பதிலாகப் புதிய மரங்கள் நடப்படும்.’’ மைதானம் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கை நாம் இங்கு எடுத்துக்கொள்ளவில்லை. இந்த ஒற்றை விடை எத்தகைய உறுதிமொழி, அதனை நம்பி ஒரு தீவு தன் நிலத்தை ஒப்படைக்கலாமா என்பதையே ஆராய விரும்புகின்றோம்.

முதலில் அந்த வாக்கியத்தின் இலக்கணத்தைப் பாருங்கள். ‘நடப்படும்’ என்பது செயப்பாட்டு வினை. நடுபவர் யார் என்பது அதில் இல்லை. எங்கே, எப்பொழுது, எந்த மரம், எவர் செலவில் என்பனவும் இல்லை. நீதிமன்றத்திலே ஒரு கடன்காரன் ‘‘பணம் கொடுக்கப்படும்’’ என்று எழுதிக் கையொப்பமிட்டால் எந்தப் பிரக்கிராசியும் அதனை உறுதிச்சீட்டாக ஏற்றுக்கொள்ள மாட்டார். யார் கொடுப்பது, எவ்வளவு, எந்த நாளில் என்று கேட்பார். காசுக்குக் கேட்கும் கேள்வியை மரத்துக்கு ஏன் கேட்பதில்லை?

தீவகத்து மண்ணை அறியாதவர்க்கு இங்கு ஒன்றை விளக்க வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாடும் தீவுகளும் சுண்ணாம்புக் கற்பாறையின்மேல் அமைந்தவை. ஆறில்லை, மலையில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பொழியும் வடகீழ்ப் பருவமழை மண்ணுக்குள் இறங்கி, கடலிலிருந்து ஊடுருவி நிற்கும் உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய வில்லைபோல மிதக்கின்றது. அந்த வில்லைதான் நம் கிணறு, அதுதான் நம் குடிநீர், அதுதான் தோட்டம். நன்னீர் உவர்நீரைவிடப் பாரங்குறைந்தது. ஆதலால் கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு உவரை அது அழுத்தி வைத்திருக்கும் என்பது நீரியலார் கண்ட கணக்கு. இக்கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் அச்சம் விளங்கும். மேலே ஓர் அடி குறைந்தால் கீழிருந்து நாற்பது அடி உவர் மேலெழ இடமுண்டாகும். மண்டைதீவு போன்ற சிறு தீவில் அந்த வில்லை எத்துணை மெலிதாயிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நாற்புறமும் கடல்.

மழைநீர் மண்ணுக்குள் இறங்குவதற்கு இளகிய நிலம் வேண்டும். ஓடிவிடாது தடுப்பதற்குத் தாழ்நிலமும் பற்றையும் வேரும் சருகும் வேண்டும். மரம் நீரைக் குடிக்கவும் செய்கின்றதே என்று சிலர் கேட்பர். குடிக்கின்றது, அதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் மரம் நின்ற நிலத்தை இயந்திரத்தால் இறுக்கி, மேலே காங்கிறீற்றுப் பூசி, வடிகாலை வெட்டிக் கடலுக்குத் திறந்துவிட்டால், மரம் குடித்ததைப்போலப் பல மடங்கு நீர் ஒரு மழையிலேயே கடலுக்குப் போய்ச்சேரும். துடுப்பாட்ட மைதானத்துப் புல்லோ கோடையிலும் பசுமையாய் இருக்க வேண்டியது. அதற்கு வேண்டிய நன்னீர் எங்கிருந்து வரும்? 2024இல் தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையத்தைப் பெருஞ்செலவில் திறக்க வேண்டியிருந்த குடாநாட்டில் இக்கேள்வியை அற்பமானதென ஒதுக்குவதற்கில்லை. மரக்கணக்கும் நீர்க்கணக்கும் ஒரே கணக்கு என்பதனாலேயே இதனை இங்கே குறித்தோம்.

நிலத்திலே நிற்பது எந்த மரம் என்பதும் முக்கியம். பனையும் பூவரசும் வேம்பும் உடையும் ஈச்சம்பற்றையும் தரையில் நிற்கும். நீரோரத்தில் கண்டலும் தில்லையும். அதற்கப்பால் உவர்த் தரையில் உமிரி. இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் நம் வாழ்விலே ஓர் இடமுண்டு. குழை தாழ்த்துப் புகையிலையும் வெங்காயமும் செய்த கமக்காரனுக்குப் பூவரசங்குழையின் அருமை தெரியும். பனையோலையை மண்ணுள் தாழ்த்து மணற்றரையை வளமாக்கியவர்கள் நம் முன்னோர். கண்டல் வேரினூடே இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்வதாற்றான் கரையில் சிறகுவலை கட்டும் தொழிலாளி வலையிற் கைவைக்க முடிகிறது. பறவைகளைப் பற்றிப் பேசினால் ‘இவர்களுக்கு மனிதரைவிடப் பறவை பெரிதோ’ என்று கேட்பார்கள். பூநாரை வந்து இறங்கும் நீரில் நம்மவரின் உணவும் கிடக்கின்றது. நீரேரி கெட்டால் இருவரும் ஒருங்கே பட்டினி கிடக்க நேரும்.

‘மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்’ என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. கடவுள்மேற் பாரத்தைப் போடுவதற்குச் சொல்வது. அரசாங்கம் நடும் மரத்துக்கு இப்பழமொழி பொருந்துவதில்லை. அங்கே வைப்பவர் ஒருவர், ஊற்ற வேண்டியவர் வேறொருவர், ஊற்றாமல் விட்டதற்குப் பொறுப்புச் சொல்பவர் எவருமில்லை. நாட்டு விழாவிலே அமைச்சர் ஒரு கன்றை நடுகிறார், படம் பிடிக்கப்படுகிறது, கன்றைச் சுற்றிக் கம்பிக்கூடும் பெயர்ப்பலகையும் வைக்கப்படுகின்றன. அடுத்த பங்குனியில் கூடு நிற்கும், பலகை நிற்கும், கன்று இராது. ஆடு தின்றதோ வெயில் தின்றதோ என்று எவரும் விசாரிப்பதில்லை. ஆனால் அறிக்கையில் அது நடப்பட்ட மரமாகவே என்றென்றும் உயிர்வாழும்.

பனையைப் பற்றி இன்னொரு பழமொழி உண்டு. தென்னை வைத்தவன் தின்று சாவான். பனை வைத்தவன் பார்த்துச் சாவான். வடலியாய் நின்று, வளர்ந்து, பாளை விடுவதற்குப் பதினைந்து இருபது ஆண்டுகள் செல்லும். அதனை நாற்றுமேடையில் வளர்த்துப் பிடுங்கி நடுவதும் இலகுவன்று. விதை முளைக்கும்பொழுதே கிழங்கு மண்ணை ஊடுருவிக் கீழே இறங்கிவிடும். நம்மவர் மாரிக்கு முன்னரே பனங்கொட்டையை நிலைக்க வேண்டிய இடத்திலேயே புதைத்தது அதனாற்றான். ஒரு நாள் துப்புரவுக்கு நூறு பனை விழலாம். அந்த நூற்றுக்கு ஈடாக இன்று ஆயிரம் கொட்டை புதைத்தாலும், இன்று பிறந்த பிள்ளை வாக்குரிமை பெறும் வயதை எட்டும்பொழுதே முதற்பனங்காயைக் காணும். ‘ஒன்றுக்குப் பத்து’ என்ற பேரம் கேட்பதற்கு இனிமையாயிருக்கிறது. காலத்தைப் பத்தாற் பெருக்கவோ வகுக்கவோ எந்த அமைச்சாலும் முடியாது.

இவையெல்லாம் வெறும் ஐயுறவு என்று சொல்வோருக்கு இந்நாட்டிலேயே நடந்த ஒரு பெருஞ்சோதனையைச் சுட்டிக்காட்டுவோம். 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின்னர் கரையோரமெங்கும் கண்டல் நடும் பெருமுயற்சி நடைபெற்றது. அரசாங்கமும் தொண்டு நிறுவனங்களும் வெளிநாட்டுப் பணமும் சேர்ந்தன. 23 இடங்களில் 1,000 முதல் 1,200 எக்டேர் வரை நடப்பட்டது. பின்னர் ஆய்வாளர்கள் அவ்விடங்களுக்குச் சென்று, நட்டவை நிற்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தனர். அவர்களுடைய முடிவு 2017இல் வெளிவந்தது. 200 முதல் 220 எக்டேரே தேறியிருந்தது. 23 இடங்களுள் ஒன்பது இடங்களில் ஒரு கன்றுதானும் உயிரோடு இல்லை. ஐந்திலே நான்கு பங்கு, பணமும் உழைப்பும் படமும் விழாவும் சேர்த்து, சேற்றோடு போய்விட்டது.

அதற்கான காரணங்களே நமக்குப் பெரிதும் வேண்டியவை. நீர்மட்டம் அறியாமல், அலை வந்து மூடும் இடத்திலும் நீர் எட்டாத இடத்திலும் நட்டார்கள். தாய்மரத்திலேயே முளைவிட்டு நீண்டு தொங்குவதாற் பறித்து நடுவதற்கு இலகுவான கண்டல் இனத்தையே, அது அவ்விடத்துக்குரியதோ இல்லையோ, எங்கும் குத்தினார்கள். நட்ட பின்னர் பார்ப்பார் இல்லை. மாடு மிதித்தது, பாசி மூடியது. எந்த ஊர்க் கடற்றொழிலாளியைக் கேட்டிருந்தாலும் ‘இவ்விடத்தில் இது நில்லாது’ என்று ஒரே வார்த்தையிற் சொல்லியிருப்பார். கேட்கத்தான் எவருமில்லை. மண்டைதீவின் கரையிலும் இதே பிழையை இன்னொரு தரம் செய்வதற்குத் தடையாக எந்த ஏற்பாடு இருக்கின்றது என்பதே எமது வினா.

அயல் நாட்டையும் சற்றுப் பார்ப்போம். இந்தியாவில் காட்டுநிலத்தை வேறு தேவைக்கு எடுப்பவர், அதற்கீடாகக் காடல்லாத நிலத்தைத் தந்து மரம் வளர்க்கவும் பணம் கட்டவும் வேண்டுமென்று விதி உண்டு. நீலகிரியின் கூடலூர்க் காடுகளைக் காக்கக் கோரி 1995இல் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கின் தொடர்ச்சியாக உச்ச நீதிமன்றமே இப்பணத்துக்கெனத் தனி நிதியம் அமைக்குமாறு கட்டளையிட்டது. சட்டம் உண்டு, நீதிமன்றம் உண்டு, பணமும் கோடிகோடியாகச் சேர்ந்தது. 2013இல் இந்தியக் கணக்காய்வுத் தலைவர் அறிக்கை சமர்ப்பித்தார். 2006 முதல் 2012 வரை ஏறத்தாழ 1,03,000 எக்டேர் காடல்லாத நிலம் பெறப்பட்டிருக்க வேண்டும். பெறப்பட்டதோ 28,000 எக்டேர் அளவில். அதிலும் மரம் வளர்க்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 7,300 எக்டேர். நூற்றுக்கு ஏழு! சட்டமும் பணமும் உள்ள இடத்திலேயே நூற்றுக்கு ஏழென்றால், வாய்வார்த்தை மட்டும் உள்ள இடத்தில் எவ்வளவு மிஞ்சும் என்பதை வாசகரே கணித்துக்கொள்ளலாம்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? சட்டம் முற்றாக இல்லையென்று கூறுவது தவறு. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம், பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்டுவதைத் தடுக்கின்றது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபொழுது, விதித்துரைக்கப்பட்ட பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டுமென்றும், அதனைப் பொதுமக்கள் பார்வையிட்டுக் கருத்துரைக்க முப்பது நாள் தரவேண்டுமென்றும் ஏற்பாடு செய்யப்பட்டது. எவை அத்தகைய திட்டங்கள் என்பதை 1993 யூன் மாத வர்த்தமானி அறிவித்தல் வரையறுத்தது. அதில் 50 எக்டேருக்கு மேற்பட்ட நிலத்தைத் துப்புரவாக்குதல் ஒன்று. 4 எக்டேருக்கு மேற்பட்ட ஈரநிலத்தை நிரவுதல் இன்னொன்று.

இனிக் கணக்கைப் பாருங்கள். 138 ஏக்கர் என்பது ஏறத்தாழ 56 எக்டேர். 48 ஏக்கர் என்பது ஏறத்தாழ 19 எக்டேர். விளையாட்டு நகரம் முழுவதையும் ஒரே திட்டமாகக் கொண்டால் துப்புரவு எல்லையை அது தாண்டுகிறது. மைதானத்தை மட்டும் தனித்து எடுத்தால் தாண்டுவதில்லை. ஒரே நிலம், ஒரே நோக்கம், ஒரே அடிக்கல். துண்டாக்கிப் பார்த்தால் சட்டம் உறங்குகிறது, சேர்த்துப் பார்த்தால் விழித்துக்கொள்கிறது. எந்த அதிகாரி எப்படிப் பார்த்தார் என்று நாம் குற்றஞ்சாட்ட வரவில்லை. சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது எமது வாதம். துண்டாக்கிப் பார்த்தாலுங்கூட, ஈரநிலம் நான்கு எக்டேருக்கு மேல் நிரவப்படுமாயின் மதிப்பீடு தவிர்க்க முடியாதது. இதற்கு மேலாக 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டமும் இருக்கின்றது. உயர்நீர்க் குறியிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம்; அங்கே அபிவிருத்தி வேலைக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். மண்டைதீவைப் போன்ற ஒடுங்கிய தீவில் இருபக்கமும் முந்நூறு முந்நூறு மீற்றர் கழித்தால் மிஞ்சும் நிலம் எவ்வளவென்று நில அளவையாளர் எவரும் சொல்வர்.

ஆயினும் இச்சட்டங்கள் எல்லாவற்றிலும் ஒரு பெரும் ஓட்டை உண்டு. பெயருள்ள மரத்தை அவை காக்கின்றன. எல்லைக்கு மேற்பட்ட பரப்பைக் கவனிக்கின்றன. பற்றையைக் கண்டுகொள்வதில்லை. ‘அங்கே நின்றது வெறும் பற்றைதானே’ என்று அறிக்கை எழுதிவிட்டால் ஈடுசெய்ய எதுவுமில்லை என்றாகிவிடுகிறது. தீவகத்தின் உப்புக்காற்றில் வானளாவிய காடு முளைப்பதில்லை. நம் காடு பற்றையாகத்தான் இருக்கும். வன்னியின் முதிரையையும் பாலையையும் அளக்கும் கோலால் இதனை அளப்பது நீதியன்று. ஆகவே மீள்நடுகையின் அளவு வெட்டிய மரத்தின் எண்ணிக்கையாக இருத்தல் கூடாது. மூடப்பட்ட பரப்பே அளவாக இருக்க வேண்டும்.

இது எமது கற்பனையன்று. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், வில்பத்துவுக்கு வடக்கேயுள்ள கல்லாறு ஒதுக்குக்காடு சட்டத்துக்கு மாறாகத் துப்புரவாக்கப்பட்டது என்று தீர்ப்பளித்தபொழுது, துப்புரவான பரப்புக்குச் சமமான பரப்பில் மரம் வளர்க்கும் செலவை முன்னாள் அமைச்சர் ஒருவரே ஏற்க வேண்டுமெனக் கட்டளையிட்டது. அங்கே குடியேற வந்தவர்கள் 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள். அவர்களுக்கு நிலம் வேண்டுமென்பதில் எமக்கு இரண்டாவது கருத்து இல்லை, அவர்கள் ஏன் நிலமிழந்தார்கள் என்பதையும் தமிழர் மறக்கலாகாது. நாம் இங்கு எடுத்துக்கொள்வது தீர்ப்பின் அளவுகோலை மட்டுமே. நீதிமன்றம் கன்றுகளை எண்ணவில்லை, பரப்பை அளந்தது. செலவை ஏற்பவர் யார் என்று பெயர் சொல்லிற்று. செயப்பாட்டு வினை அங்கே இல்லை.

அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, 2000ஆம் ஆண்டில், எப்பாவலப் பொசுபேற்றுச் சுரங்க வழக்கிலே உயர் நீதிமன்றம் இன்னும் அடிப்படையான ஒன்றைச் சொல்லியிருந்தது. நாட்டின் இயற்கை வளங்களுக்கு அரசாங்கம் தன்னிட்டப்படி நடக்கும் உடைமையாளன் அன்று, மக்களுக்காக அவற்றைப் பேணும் பொறுப்பாளன் என்பதே அதன் சாரம். அவ்வழக்கைக் கொண்டுபோனவர்களுள் நெற்செய்கையாளரும் மாடு வளர்ப்போரும் இருந்தனர். நிலம் போகப்போகிறது என்று அறிந்தவுடன், அவர்கள் கூடிப் பேசினார்கள், சட்டத்தரணிகளைத் தேடினார்கள், வென்றார்கள். அநுராதபுரத்துச் சிங்களக் கமக்காரருக்கு இயன்றது தீவகத்துத் தமிழ்க் கமக்காரருக்கு இயலாதென்று எந்த விதி சொல்கிறது?

குறை முழுவதும் கொழும்பிலேயே உள்ளதென்று எழுதிவிட்டுப் பேனாவை மூடுவது எளிது. உண்மை அதுவன்று. போரில் காவலரணுக்கும் பதுங்குகுழிக்கும் வெட்டுண்ட பனைகளுக்காக நாம் இன்றும் அழுகின்றோம், நியாயமே. ஆனால் போர் முடிந்த பின்னர் பனங்காணியைத் துண்டுபோட்டு விற்றவர் யார்? கிளுவைவேலியைப் பிடுங்கி எறிந்து ஆளுயர மதில் எழுப்பியவர் யார்? வருடத்துக்கு ஒரு மாதம் வந்து தங்குவதற்கென்று வளவு முழுவதற்கும் சீமெந்துக்கல் பதிப்பித்தவர் யார்? முற்றத்து வேம்பின் சருகு கூட்டுவதற்கு ஆளில்லை என்பதற்காக வேம்பையே தறித்த வீடுகளை நாம் அறிவோம். அரசாங்கத்திடம் மரக்கணக்குக் கேட்கும் ஊர், தன் வளவுக் கணக்கையும் கூச்சமின்றிக் காட்டக்கூடியதாய் இருக்க வேண்டும். அப்பொழுதுதான் குரல் எடுபடும்.

கட்டிய பின்னர் என்னாகும் என்பதற்கும் ஒரு சான்று தெற்கிலே நிற்கின்றது. 2011 உலகக் கிண்ணத்துக்காக அம்பாந்தோட்டை மாவட்டத்துச் சூரியவெவவிலே காட்டுப்புறத்தைத் துப்புரவாக்கி 35,000 பேருக்கான மைதானம் எழுப்பினார்கள். ஆண்டின் பெரும்பகுதி அது ஆளின்றிக் கிடந்ததை நாடே கண்டது. அப்படியொன்று மண்டைதீவில் நேருமானால், மரமும் போய், விளையாட்டும் இல்லாமல், உவர்நீர்க் கிணறுகளோடு ஒரு காங்கிறீற்று வளையம் மட்டும் எமக்கு மிஞ்சும்.

எனவே, கோருவதைத் தெளிவாகக் கோருவோம். மண்டைதீவில் துப்புரவாக்கப்பட்ட நிலத்தில் முன்னர் என்ன நின்றது என்பதைச் செய்மதிப் படங்களைக் கொண்டும் ஊரவர் சாட்சியத்தைக் கொண்டும் மத்திய சுற்றாடல் அதிகாரசபை பதிவு செய்து, அப்பதிவைத் தமிழிலே, வேலணைப் பிரதேச செயலகத்திலும் பிரதேச சபையிலும் எவரும் பார்க்கத்தக்கதாக வைக்க வேண்டும். மீள்நடுகை அதே தீவில் அல்லது அதனையடுத்த கரையில் நடைபெற வேண்டும். வவுனியாவில் நட்ட தேக்கு மண்டைதீவின் கண்டலுக்கு ஈடாகாது. நிழலுக்கென்று விரைவில் வளரும் பிறநாட்டு மரங்களைக் கொண்டு வந்து வீதியோரம் நிறுத்திவிட்டு மீள்நடுகை முடிந்தது என்று சொல்வதையும் ஏற்க இயலாது. பனை இருந்த இடத்துக்குப் பனை. கண்டல் இருந்த கரைக்கு அக்கரைக்குரிய கண்டல். நடுவதற்கு ஒரு பங்கு பணமென்றால் காப்பதற்கு இரு பங்கு ஒதுக்கப்பட்டு, அப்பணம் வேலை தொடருமுன்னரே பிணையாக வைப்பிடப்படவேண்டும். நட்ட நாளில் எண்ணுவதை எவரும் எண்ணட்டும். ஐந்தாம் ஆண்டு முடிவில் உயிரோடு நிற்பவற்றை ஊரவர் முன்னிலையில் எண்ணி, குறைந்ததற்கு அப்பிணையிலிருந்து மறுபடி நட வேண்டும். நீர் வார்க்கும் வேலையைக் கொழும்பு ஒப்பந்தக்காரருக்குக் கொடாமல் மண்டைதீவுப் பெண்கள் சங்கத்துக்கோ கமக்காரர் அமைப்புக்கோ கூலியோடு கொடுத்தால், கன்றுக்கு ஒரு தாய் கிடைப்பாள்.

இவற்றை யார் கேட்பது? மாகாண சபை இருந்தால் அது கேட்டிருக்க வேண்டும். 2018 ஒக்டோபரில் வட மாகாண சபையின் பதவிக்காலம் முடிவுற்ற பின்னர் ஆண்டுகள் பல மக்கள் பிரதிநிதிகளின்றி ஆளுநரின்கீழ்க் கழிந்தன. பதின்மூன்றாம் திருத்தத்தின்படி மாகாணத்துள் சுற்றாடலைப் பேணுவது மாகாணத்துக்குமுரிய விடயம் என்பதை நம்மிற் பலர் மறந்தே போனோம். வடமேல் மாகாணம் மறக்கவில்லை. அது 1990ஆம் ஆண்டிலேயே 12ஆம் இலக்க நியதிச்சட்டத்தை இயற்றித் தனக்கெனச் சொந்தச் சுற்றாடல் அதிகாரசபையை அமைத்துக்கொண்டது. குருநாகலும் புத்தளமும் பெற்ற அதிகாரம் அது; பிரிவினை கேட்டார்கள் என்று எவரும் அவர்களைக் குற்றஞ்சாட்டவில்லை. வடக்குக்கு அத்தகைய அதிகாரசபை இன்றுவரை இல்லை. காணி அதிகாரம், பொலிசு அதிகாரம் என்று மேடைதோறும் முழங்கும் நம் கட்சிகள், கிணற்று நீரையும் கண்டலையும் காக்கவல்ல இந்தச் சிறிய, கைக்கெட்டிய அதிகாரத்தைத் தம் தேர்தல் அறிக்கைகளில் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கின்றன என்று வாசகர் தேடிப் பார்க்கட்டும்.

மாகாண சபை எப்பொழுது வந்தாலும் வரட்டும். 2025 மேயில் தேர்தல் நடந்து பிரதேச சபைகள் மக்கள் பிரதிநிதிகளோடு மீண்டும் கூடியிருக்கின்றன. மேற்சொன்ன நிபந்தனைகளை ஒரு தீர்மானமாக வேலணைப் பிரதேச சபை நிறைவேற்றி மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் கரையோரம் பேணல் திணைக்களத்துக்கும் துடுப்பாட்ட நிறுவனத்துக்கும் அனுப்பலாம். தகவலறியும் உரிமைச் சட்டம் 2016 முதல் இருக்கிறது. மீள்நடுகைத் திட்டம் எழுத்தில் உண்டா, உண்டெனில் அதன் பிரதி எங்கே என்று எந்தக் குடிமகனும் ஒரு விண்ணப்பத்திற் கேட்கலாம். அதனை எழுதித் தரச் சட்டத்தரணிகள் இருக்கின்றார்கள். நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் அளந்து தரப் பொறியியலாளரும் ஆசிரியரும் இருக்கின்றார்கள். எந்த மரம் எங்கே நிற்கும் என்று சொல்லக் கமக்காரரும் கடற்றொழிலாளரும் இருக்கின்றார்கள். அடுத்த மாரி தொடங்குமுன் மண்டைதீவுக் கிணறுகளின் உவர்ப்பை அளந்து திகதியிட்டு எழுதி வைப்பது முதல் வேலை. பின்னர் என்ன மாறியது என்று வழக்குரைக்க வேண்டிய நாள் வருமாயின், அந்தக் கொப்பியே முதற் சாட்சியாகும்.